பொனட்டைத் திறந்தால் நின்றுவிடும் சத்தம்

ஓய்வு பெற்ற ஒரு மனிதனையும் ஒரு பழைய காரையும் ஒரே வளவுக்குள் விட்டுவைக்கக் கூடாது. அந்த மனிதன் கையில் யூடியூப் ஓடுகிற போனும் இருந்துவிட்டால், காரையாவது வேறு எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்திவிடுவது நல்லது. இதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்கிற ஆள் இல்லை.

கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் காலமெல்லாம் கிளார்க்காக இருந்துவிட்டு, மாலையும் மரியாதையுமாக வீட்டுக்கு வந்தவன் நான். வந்த கையோடு வீட்டை நிர்வாகம் பண்ணத் தொடங்கினேன். சமையலறையில் இருந்த போத்தல்களை உயரப்படி அடுக்கினேன். சாமித் தட்டில் இருந்த படங்களை அகலப்படி அடுக்கினேன். அலுமாரியில் மனைவியின் சேலைகளை நிறவாரியாகப் பிரிக்கப் போனபோது அவள் கதவைச் சாத்திவிட்டு, "இது ஆபீஸ் இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எதையும் தொடுவதில்லை என்று முன்வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் எங்கள் கேட் தெரியும். கேட்டுக்கு அப்பால் பல்லேகலப் பக்கம் போகிற வீதி தெரியும். மனைவி காலையில் கேட்டைத் திறந்துகொண்டு போவாள், பின்னேரம் திறந்துகொண்டு வருவாள். அவள் மடுல்கெல்லயில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவள் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அவளுடைய அப்பா அங்கே தேயிலை பெக்டரியின் லொறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் இருந்து அங்கே போக வத்தேகமயில் பஸ் மாற வேண்டும். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் பிடித்து அவள் போவதையும் வருவதையும் நான் கதிரையில் இருந்தபடி மிகுந்த இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கப்படுவதற்கு எழும்பத் தேவையில்லை அல்லவா.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் செய்த குட்டிக் கார். வயதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் வெளியே வரும். அதில் எனக்குத் தெரிந்த துவாரங்கள் இரண்டு: சாவி போடுகிற இடம், பெற்றோல் ஊற்றுகிற இடம். பொனட்டை நான் திறந்ததே கிடையாது. பொனட் என்பது கராஜ்காரர்கள் திறக்கிற இடம் என்று இருந்தேன்.

ஒருநாள் காரின் அடியில் தரையில் எண்ணெய்ப் பொட்டு ஒன்றைக் கண்டேன். அடுத்த நாள் பொட்டு பெரிதாகியிருந்தது. கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் போனில் ஒரு பையன், எஞ்சின் தலையை மூடியிருக்கிற டெப்பட் கவர் என்ற மூடியின் ரப்பர் பெக்கிங் தேய்ந்தால் இப்படித்தான் எண்ணெய் கசியும், வீட்டிலேயே பத்து நிமிடத்தில் மாற்றலாம் என்றான். அவனுக்குப் பத்து நிமிடம் என்றால் எனக்கு இரண்டு நாள். இருந்தாலும் மாற்றினேன். கத்தரிக்காய்க் கறி வைப்பதைக்கூட ஒழுங்காகச் செய்து முடிக்காத இந்தக் கைகளால் மாற்றினேன்.

மாற்றியதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத் துப்புரவு என்றால் தலைகால் புரியாது. பொனட்டின் உட்பக்கம் இரும்புச் சட்டமும் சட்டத்தில் ஓட்டைகளுமாக, தூசியும் எண்ணெயும் படிந்து அசிங்கமாகக் கிடந்தது. மண்ணெண்ணெயையும் பழைய பல் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அதைத் தேய்தேய் என்று தேய்த்தேன். ஓர் ஓட்டையில் இருந்து அழுக்கு நூல் ஒன்று தொங்கியது. அதையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். கடைசியில் பொனட்டை மூடப் போகும்போது தரையில் ஒரு வோஷர் மிச்சம் கிடந்தது. எங்கிருந்து கழற்றினேன் என்று ஞாபகமில்லை. காரிடமிருந்து எனக்கு ஒரு அன்பளிப்பு என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொனட்டை ஓங்கி அறைந்து மூடினேன். ஒரு வேலையை முடித்தவன் அப்படித்தான் மூட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் தரையில் எண்ணெய் இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தபோது நான் காரை உறுமவிட்டு அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறு. இனிமே உனக்கு பஸ் கிடையாது. தினமும் நான்தான் கொண்டுபோய் விடுவேன்."

அவள் ஒரு நொடி பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்று ஏறிக்கொண்டாள். சந்தோசத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் பன்வில தாண்டி ஏற்றத்தில் ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் எஞ்சின் இழுக்க இழுக்க, முன்னால் எங்கோ ஓர் இடத்தில் இருந்து "டிங்… டிங்… டிடிங்…" என்று வந்தது. மேசையில் எவரோ சில்லறையைத் தட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த மனைவி நிமிர்ந்து, கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க அது?"

"புது பெக்கிங். அப்படித்தான் இருக்கும்" என்றேன். ரப்பர் எப்படி டிங் என்று சத்தம் போடும் என்று ஆசிரியையான அவள் கேட்கவில்லை. நல்ல மனசு.

அவளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற வழியெல்லாம் என் பையில் இருந்த வோஷர் கனத்தது. வீட்டுக்கு வந்ததும் அது இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பூட்டினேன். சத்தம் போகவில்லை. பெக்கிங்கைக் கழற்றித் திரும்பப் போட்டேன். போகவில்லை. போனில் இருந்த பையனின் மற்ற வீடியோக்களுக்குள் மூக்கை நுழைத்தேன். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும் என்றான். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே குனிந்து, வைத்தியர் மாதிரி இடம் இடமாக வைத்துக் கேட்டேன். எல்லா இடத்திலும் எஞ்சின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. காது மடல் சூடான குழாய் ஒன்றில் பட்டுச் சிவந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. பொனட்டைத் திறந்து வைத்தால் சத்தமே இல்லை. எவ்வளவு எக்சலேட்டரை மிதித்தாலும் இல்லை. பொனட்டை மூடிவிட்டு மிதித்தால் "டிங்". மேலதிகாரி கதவைத் திறந்தவுடன் அடங்கிப்போய், சாத்தியதும் கதைக்கத் தொடங்குகிற எங்கள் அலுவலகம் மாதிரியே இருந்தது. அங்கேயும் யார் கதைத்தார்கள் என்று கடைசிவரை கண்டுபிடித்தது கிடையாது.

இன்னுமொரு சத்தமும் இருந்தது. பொனட்டைத் தூக்கும்போது பிணைச்சல் பக்கமாக "சர்ர்" என்று உராய்வது போல ஒரு சத்தம். துருப் பிடித்த பிணைச்சல் என்று தீர்மானித்து, இரண்டு பக்கமும் தாராளமாக எண்ணெய் விட்டேன். சர்ர் போகவில்லை. துருவுக்கும் என்மேல் கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, நான் செய்வதையெல்லாம் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க மாட்டாமல் கடைசியில் வாயைத் திறந்தார்.

"பொனட்டை மூடினால் தானே சத்தம் வருது? அப்ப போனை உள்ளுக்கை வைச்சு, ரெக்கோட் பண்ணிப்போட்டு மூடுங்கோவன்."

எனக்கு இந்த யோசனை வராமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. போனைத் துவாயில் சுற்றி பெற்றரிக்குப் பக்கத்தில் வைத்துப் பொனட்டை மூடினேன். மனைவி பாடசாலைச் சேலையோடு உள்ளே உட்கார்ந்து நான் கை காட்டும்போதெல்லாம் எக்சலேட்டரை மிதித்தாள். நான் பொனட்டின் மீது கவிழ்ந்து காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வீதியால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மூவருமாக நின்று கேட்டோம். முதலில் எஞ்சின். பிறகு டிங். பிறகு இன்னொரு டிங். பிறகு என் போனுக்கு அழைப்பு வரும்போது ஒலிக்கிற நாதஸ்வரம், மங்களகரமாக, நீண்ட நேரத்துக்கு. அழைத்தது யார் என்று பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஓம், நான்தான் எடுத்தனான். ரெக்கோட் தொடங்கியாச்சோ எண்டு கேக்கத்தான்" என்றார்.

அவருடைய தீர்ப்பு: அந்த மூடிக்குக் கீழே இருக்கிற டெப்பட் திருகாணிகளை நான் அளவுக்கு மேல் தளர்த்திவிட்டேன். நான் டெப்பட்டைத் தொடவே இல்லை, அதன் மூடியைத்தான் கழற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தொட்டிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பு நடந்தால் அதில் நம் கை இருக்கும் என்று நம்புவதுதான் அரச சேவையில் நான் படித்த பாடம்.

வேறு வழியில்லாமல் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்தார், எஞ்சினை ஓடவிட்டார், தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சேர், இதுல சத்தம் ஒண்டும் இல்லயே. எஞ்சின் நல்லா ஈக்கி."

"பொனட்டை மூடிட்டுக் கேளுங்க பாஸ்."

"மூடினா எப்படி சேர் பாக்கிற?"

திறந்து பார்ப்பதுதான் அவருடைய தொழில். திறந்தால் இல்லாத ஒன்றைத்தான் நான் கொண்டுபோயிருந்தேன். வெளியே வரும்போது அவர் தன் உதவியாளிடம் காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்வதைக் கண்ணாடியில் பார்த்தேன். என் காதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். வழியில் கராஜின் கேட்டைத் தாண்டியதும் டிங் என்றது.

இவ்வளவு நாளும் நான் மனைவியைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டும் கூட்டிவந்துகொண்டும்தான் இருந்தேன். சொல்லப்போனால் அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். காலையில் குளித்து, சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் இருந்தது. வத்தேகமயில் பாண் வாங்க ஒரு பேக்கரி பிடித்து வைத்திருந்தேன். மனைவி வழியில் பிள்ளைகளின் சேட்டைகளைச் சொல்வாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு கதைத்தது கிடையாது. எனக்கு இருந்த ஒரே பயம், இந்தச் சத்தத்தால் அது நின்றுவிடுமோ என்பதுதான். அவள் கதைக்கும்போதுகூட கை மேலே பிடியில் இருந்தது. ஏற்றத்தில் சத்தம் வந்தால் வசனத்தின் பாதியில் நிறுத்தி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். மந்திரம்.

அதனால் டெப்பட்டையும் சரிபார்த்துவிடுவது என்று துணிந்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் கம்பியும் ஸ்பானருமாக நின்றேன். மனைவி இரண்டு தடவை வந்து நின்று பார்த்தாள். "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "முடிஞ்ச மாதிரிதான். போய்க் குளிச்சிட்டு வந்து மூடுறேன்" என்றேன். குளித்துவிட்டு வந்து, பழைய வழக்கப்படி ஓங்கி மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லேகல ஸ்டேடியத்துக்குப் பக்கத்து அகலமான வீதியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மனைவியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பேரையும் ஏற்றியது என் திமிர். பழைய டிங் அப்படியே இருந்தது. அதோடு புதிதாக "டொப்… டொப்…" என்று கனமாக ஒன்று சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் பின் சீட்டில் இருந்து முன்னால் குனிந்தார்.

"ஐயோ, உது பெயரிங் அடிக்கிற சத்தமெல்லோ. உது போச்செண்டால் எஞ்சின் இறுகிப் பிடிச்சிடும். மலையில ஏறேக்கை பிடிச்சுதெண்டால் என்ன செய்யப் போறியள்?"

கேட்டது என்னிடம். ஆனால் கேட்டுக்கொண்டது என் மனைவி. அன்று பின்னேரம் சேலைக்கு அயன் பண்ணிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நாளைக்கு நான் பஸ்ல போறேங்க."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"காரைத்தான் நம்ப முடியல."

இரண்டும் ஒன்றுதான். அந்தக் காரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்தானே. அந்த பஸ் டிரைவர் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் கதைப்பவனாகவும் இருக்கலாம். அவனை நம்பி ஏறுவாள். என்னை நம்பி ஏறமாட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போய் முகம் கழுவினேன்.

திங்கட்கிழமை அவள் போன பிறகு கால்கள் தாமாகவே என்னைக் கதிரைக்குக் கொண்டுபோயின. உட்கார்ந்தேன். கேட், வீதி, பஸ். எல்லாம் அதே இடத்தில் இருந்தன. இனிக் கடைசிவரை இதுதான் என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். எழும்பிப் போனேன். காரைத் திருத்த வேண்டும் என்று இல்லை. கதிரையில் இருக்க முடியாமல்தான் போனேன். இந்தத் தடவை எஞ்சினை ஓடவிடவும் மனமில்லை. பொனட்டை மட்டும் தூக்கினேன்.

"சர்ர்… டிங்."

கையில் தூக்கிய பொனட்டோடு அப்படியே நின்றேன். எஞ்சின் ஓடவில்லை. சாவி உள்ளே வீட்டில் கிடக்கிறது. மெல்ல இறக்கினேன். "சர்ர்… டிங்." தூக்கினேன். இறக்கினேன். அரிசி புடைப்பவன் மாதிரி தூக்கித் தூக்கி இறக்கினேன். சத்தம் எஞ்சினில் இல்லை. பிணைச்சலிலும் இல்லை. இத்தனை நாளும் என் தலைக்கு மேலே, பொனட்டுக்குள்ளேயே, இரண்டு தகட்டுக்கு நடுவில் ஏதோ ஒன்று ஓடித் திரிந்திருக்கிறது. திறந்தால் சரிந்து பிணைச்சல் மூலைக்குப் போய் ஒளிந்துகொள்ளும். மூடினால் முன்னால் வந்து கூத்தாடும். மதிலுக்கு அப்பால் இருந்து, "என்ன, விசிறுறியளோ?" என்று குரல் வந்தது.

சட்டத்து ஓட்டைக்குள் விரலை விட்டேன். மஞ்சள் நூல் ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தால் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில் ஒரு முடிச்சு வந்தது. முடிச்சுக்குள் ஐந்து ரூபாய்க் காசுக் குத்தி. டொப் அதுதான். பிறகு கம்பியை வளைத்து விட்டு நோண்டியதில், நூல் வெட்டுப்பட்டு அவிழ்ந்துபோன இன்னொரு பழைய மஞ்சள் துணி வந்தது. அதற்குப் பின்னால் வெறும் குத்தி ஒன்று உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. டிங்.

எங்கள் ஆட்கள் ஒரு வேண்டுதல் வைத்தால், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமித் தட்டில் வைப்பார்கள். வேண்டியது கிடைத்ததும் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். அதை முடிச்சுப் போட்டது யார் என்று யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. துணி என்னுடைய பழைய வேட்டியின் கரை. கோபம் ஜிவ்வென்று ஏறியது. நான் காரில் கை வைக்கிறேன் என்றதும் கடவுளிடம் முறையிட்டிருக்கிறாள். அவளுடைய அவநம்பிக்கைதான் இத்தனை நாளும் டிங் டிங் என்று என் காதில் அடித்திருக்கிறது.

காரை எடுத்துக்கொண்டு மடுல்கெல்லவுக்குப் போனேன். ஏற்றத்தில் எஞ்சின் ஒரு சத்தமும் இல்லாமல் இழுத்தது. எனக்கு அதை ரசிக்கத் தோன்றவில்லை. பாடசாலை விட்டு, மற்ற டீச்சர்மாரோடு பஸ் தரிப்புக்கு நடந்து வந்தவள் என்னைக் கண்டதும் அவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்து ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"சத்தம் எங்கீங்க?"

வண்டியை ஓரமாக நிறுத்தி, சட்டைப் பையில் இருந்து மஞ்சள் முடிச்சையும் வெறும் குத்தியையும் எடுத்து அவள் மடியில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். எங்கே இருந்தது, எப்படிச் சத்தம் போட்டது என்று நான் சொல்லச் சொல்ல முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காத. நான் ரிப்பேர் பண்ணினா கார் வெடிச்சிரும்னு தானே காசு முடிஞ்ச?"

"ரெண்டாவதுதான் அதுக்கு. சனிக்கிழமை நீங்க குளிக்கப் போனப்போ வெச்சேன். சத்தம் நிக்கணும்னு."

"அதுவே ஒரு சத்தம்!"

"இப்ப நின்னுருச்சில்ல?" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அப்போ மொதலாவது?"

"அது நீங்க ரிப்பேர்ல கைய வெக்க முந்தியே வெச்சது."

"முந்தியா? உனக்கு பொனட் திறக்கத் தெரியுமா?"

"வைப்பருக்குத் தண்ணி யாரு ஊத்துறான்னு நெனச்சீங்க?" என்றாள். நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. தண்ணீர் அதுவாக வருகிறது என்று இருந்துவிட்டேன். "எங்கப்பா லொறியில பொனட்டுக்குள்ளதான் முடிஞ்சு வெப்பாரு. வீட்டுல வெச்சா நீங்க எடுத்து எங்கயாச்சும் அடுக்கிருவீங்க. அதான்."

"எதுக்கு வேண்டினே?"

அவள் வெறும் குத்தியை விரலால் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்தக் கதிரைய விட்டு எந்திரிக்கணும்னு."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"காலையில போறப்போ அதுல இருப்பீங்க. சாயந்தரம் வர்றப்போ அதே மாதிரி இருப்பீங்க. டீக் கோப்பைகூட வெச்ச எடத்துலயே இருக்கும். பஸ்ஸ விட்டு எறங்குனதும் மொதல்ல தூரத்துல நின்னு உங்க தலை அசையுதான்னு பாப்பேன். அசைஞ்சாத்தான் கேட்டுக்கிட்ட வருவேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னேரங்களில் அவள் வீதியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவதை நானும் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்து இரக்கப்பட்டிருக்கிறேன்.

"அப்புறம் ஒருநாள் காரைக் கொண்டாந்து கேட்டுல நிறுத்தி, இனிமே பஸ் கிடையாதுன்னீங்க. பஸ்ல எனக்குன்னு ஒரு ஜன்னல் சீட்டு புடிச்சு வெப்பாங்க. நாங்க நாலு டீச்சர்மாரும் சிரிச்சுக்கிட்டே வருவோம். அத விட்டுட்டு வரணுமேன்னு இருந்திச்சு. ஆனா நீங்க சவரம் பண்ணிட்டு நின்னீங்க. எப்படி வேணாங்கிறது?"

ஆக, பஸ்ஸில் இருந்து நான் அவளைக் காப்பாற்றவில்லை. அவள்தான் அந்த ஜன்னல் சீட்டை எனக்காக விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நேற்று ஒருநாள்தான் பயம் பெரிதாகிவிட்டது. நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"நாளைக்கு?" என்று கேட்டேன். ஒரு பியூன் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வந்தவன் குரல் மாதிரி இருந்தது.

"நீங்கதான் கொண்டாந்து விடணும். வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ல போறேன். இல்லாட்டி அவங்க கோவிச்சுக்குவாங்க."

கீழே இறங்குகிற வழியில் தேயிலை மலை ஓரமாக ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. வீதியோரத்திலேயே உண்டியல். அங்கே நிறுத்தச் சொன்னாள். மஞ்சள் முடிச்சோடு இருந்த காசை, காருக்கு வேண்டிய காசை, உண்டியலில் போட்டுக் கும்பிட்டாள். சீட்டில் கிடந்த மற்றதை நான் எடுத்து நீட்டினேன்.

"இதுவும்தான் பலிச்சிருச்சே. நான்தான் எந்திரிச்சிட்டேனே."

"உங்கள நம்பி இப்பவே போட முடியாது" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

கைப்பையில் இருந்து முகம் துடைக்கிற கைலேஞ்சியை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். கோயில் வாசலில் இருந்த மஞ்சளில் அதைத் தோய்த்து, காசை வைத்து, அவளுடைய அப்பா முடிகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். பிறகு காருக்குள் கையை விட்டு ஒரு தடவையில் லிவரை இழுத்து, பொனட்டைத் திறந்தாள். கம்பியை முட்டுக் கொடுக்க அவள் தேடுவதற்குள் நான் போய் இரண்டு கையாலும் பொனட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சட்டத்து ஓட்டைக்குள் முடிச்சை வைத்து, துண்டுத் துணியால் நெருக்கி அடைத்து, நூலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"இந்தத் தடவை நூலை வெட்டிறாதீங்க" என்றாள்.